வெட்டுக்காயப் பூண்டு

வேலியோரம் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பாவம், செடி என்ன செய்யும்? எங்கள் நைனாவைக் கொன்றது அது இல்லை.

நைனா செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை தூக்கித்தான் தன் தங்கையை, அதாவது என் அத்தையை, காலேஜில் படிக்க வைத்தார். கிருமிகளைப் பற்றிய படிப்பு. கோட்டை அடிவாரத்தில் அந்தப் பூண்டைப் பறித்துப்போய்ச் சாறெடுத்துச் சோதித்தாள். ஒருநாள் போனில் படம் காட்டினாள். கண்ணாடித் தட்டு முழுக்கக் கிருமி; சாறு வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் சுத்தமாக ஒரு வட்டம். "பாரு அண்ணா, இந்த எடத்துல ஒரு கிருமிகூட இல்ல. ஆன்டிஆக்ஸிடன்ட்டும் நெறைய இருக்குது!" என்று குதித்தாள். அந்தச் சொல் நைனா வாயில் நுழையவில்லை. ஆனாலும் டீக்கடையில் "ஆண்டி ஆக்ஸிஜன்" என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார்.

நைனாவுக்குச் சர்க்கரை உண்டு. கொஞ்ச நாளில் அவர் உள்ளங்காலில் புண் வந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "இன்னாத்துக்கு? மருந்து கண்டுபுடிச்சவ நம்ம ஊட்லயே இருக்குறா" என்று பூண்டை அரைத்து வைத்துக் கட்டிக்கொண்டார். அத்தை ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணா, கிருமி செத்தது தட்டுலதான். உன் கால்ல சாவும்னு நான் சொல்லவே இல்ல. சக்கரைப் புண்ணு உள்ளாற போயிக்கினே இருக்கும்!"

நைனா எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். "படிச்ச புள்ள, எவ்ளோ அடக்கமா பேசுது பாரு!"

நாங்களும் சிரித்தோம். நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். புண் நாறத் தொடங்கி, விரல் கறுத்த பிறகும் அவர் அசையவில்லை. "காலை எடுத்துட்டா மூட்டைய இன்னாத்துல தூக்குறது?" என்று ஒருநாள் அம்மாவிடம் சீறினார். கடைசியில் நினைவு தப்பியவரை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனோம். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். காலோடுதான் திரும்பி வந்தார், உயிர் இல்லை. சொந்தக்காரர்கள் அத்தையைத்தான் கரித்துக் கொட்டினார்கள். அவள் படிப்பும் அதோடு நின்றது.

நைனாவை ஆட்டோவில் கொண்டுபோனதற்கு முந்தின நாள் காலை என்னால் மறக்கவே முடியாதது. ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கெஞ்சி ஓய்ந்த அத்தை, கட்டிலில் கிடந்த நைனாவின் காலடியில் விழுந்து, நல்ல காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழாமலே கிடந்தாள். நைனா கொஞ்ச நேரம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "பரீச்சை வருதில்ல... நல்லா இரு தாயி, மொதலா வா" என்று அவள் தலையில் கை வைத்தார். என்னைத் திருநீறு எடுத்துவரச் சொன்னார். அத்தை தேம்பிக்கொண்டே எழுந்து வெளியே போனாள்.

எனக்கும் அந்த வாரம் பரீட்சை இருந்தது. அவள் விழுந்த இடத்தில் நானும் விழுந்தேன்.