ஜாடி மண்ணில் முளைத்த நூல்

காலில் நரம்புச் சிலந்தி வந்து, என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் தறியில் இறங்கவில்லை. கம்பவுண்டர் தினமும் வந்து, புண்ணிலிருந்து நூல்போன்ற அந்தப் புழுவைத் தீக்குச்சியில் கொஞ்சங்கொஞ்சமாகச் சுற்றி எடுப்பார். படுத்தே கிடப்பவருக்குப் பொழுது போகட்டும் என்று, செல்லூர் கண்மாயில் பிடித்த இரண்டு கெண்டைக்குஞ்சுகளை மண்ணும் தண்ணீருமாகக் கண்ணாடி ஜாடியில் விட்டுத் தலைமாட்டில் வைத்தேன்.

புழு முழுதாக வெளியே வந்த மறுவாரம், "ஏ புள்ள, மண்ணுல யாரோ நூல நட்டு வச்சிருக்காக பாரு" என்றார். மயிரிழை போலப் பத்துப் பன்னிரண்டு ஆடிக்கொண்டிருந்தன. ஜாடியைத் தொட்டதும் அத்தனையும் மண்ணுக்குள் ஒளிந்துகொண்டன. அவர் காலில் வந்த அதே புழுதான் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சனியனை நானே அவர் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தேனே என்று அழுதுகொண்டு, ஜாடியோடு கம்பவுண்டர் வீட்டுக்கு ஓடினேன்.

கம்பவுண்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அவரு கால்ல வந்தது வெள்ளை. இது செவப்பு. தறிக்காரவுக வீட்டுப் பொண்ணுக்கு நெறம் தெரியலையாம்மா? இது சேத்துப் புழு, மீனுக்குத் தீனி. அவரு கால்ல வந்த புழுதான் குடிக்கிற தண்ணியில கண்ணுக்குத் தெரியாம வரும். துணியில வடிகட்டிக் குடிங்க."

திரும்பி வந்தால், என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்தபடி வாசலில் நிற்கிறார். "எம்புட்டு நேரம்! அழுதுக்கிட்டு ஓடுனியே, எங்க போய்த் தேடுவேன்?" என்றார். இரண்டு மாதத்தில் அவர் எழுந்து நின்றது அன்றுதான்.

இப்போது வடிகட்டாத தண்ணீர் எங்கள் பானையில் விழுவதில்லை. பானை வாயில் கட்டும் துணி, மறுபடி தறியில் இறங்கியதும் அவர் முதலில் நெய்தது. விற்கிற சேலையைக்கூட அவர் அம்புட்டு நெருக்கமாக நெய்ததில்லை.