ராணி டீச்சருக்கு ஒரு ஜோடி ஷூ

ஸ்தனிஸ்லாஸ் வலது கையை மணிக்கட்டு வரை கான்வாஸ் ஷூவுக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே விரல்கள் ஊர்வது மேல்துணியில் தெரிந்தது. நுனியைத் தட்டினார். குதிகால் பக்கம் கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு ஷூவை இரண்டாக மடக்கி, சட்டென்று விட்டு, அது நிமிர்கிற வேகத்தைப் பார்த்தார். கடைசியில் பையிலிருந்து, கால் அளவுக்கு ஒடித்த ஓர் ஈர்க்குச்சியை எடுத்து உள்ளே செருகினார். குச்சி கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை.

“ஆகக்கூடி, நீளம் சரிங்க. அகலம்தான் மனசுக்குப் படலை.”

ஷூவைப் பெட்டியில் வைத்து, மேலிருந்த மெல்லிய தாளை முன்பிருந்தபடியே மூடிக் கடைக்காரரிடம் நீட்டினார்.

பெரிய கடை வீதியில் செருப்புக் கடை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் இவரைத் தெரியும். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எதைப் பேசினாலும் ‘ஆகக்கூடி’ என்று முடிவிலிருந்துதான் தொடங்குவார். சாயங்காலச் சங்கு ஊதினால் மற்றவர்கள் வீட்டுக்குச் சைக்கிளை விடுவார்கள். இவர் ஷூக் கடைக்கு விடுவார். தம் காலில் கிடப்பதோ டயர் செருப்பு. அதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் கிடையாது.

பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசை நகரும்போது எல்லாரும் பக்தியோடு தலையைக் குனிந்திருப்பார்கள். ஸ்தனிஸ்லாஸும் குனிந்திருப்பார், ஆனால் முன்னால் போகிறவர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வந்ததும் என் காதோரம், “அந்த உயரமான மனுஷனுக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். பாவம், எந்த ஷூவும் சேராது” என்பார். மன்னிக்க வேண்டிய பாவம் என்றே எனக்குத் தோன்றும்.

இத்தனை ஆராய்ச்சியும் அவருடைய மனைவி லூர்துராணிக்காக. பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் டிரில் டீச்சர். கல்லூரி நாளில் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவர். கல்யாணத்துக்குப் பிறகும் பள்ளி மணி அடிக்குமுன் மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார். அதுவும் வெறுங்காலில். நெருஞ்சியும் கண்ணாடிச் சில்லும் குத்திய கதைகள் நிறைய.

போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஆசிரியைகளுக்கு விளையாட்டுப் போட்டி நடந்தது. வெறுங்காலோடு ஓட வேண்டாம் என்று ஸ்தனிஸ்லாஸ்தான் பிடிவாதமாக ஒரு ஜோடி வாங்கி வந்தார். ஈர்க்குச்சியால் அளவெடுத்த ஷூ. விரல் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாக ராணி டீச்சர் சொன்னபோது, கடைக்காரர் தம்மிடம் சொன்னதையே இவரும் சொன்னார்: “போடப் போட விட்டுக்கொடுத்திடும்.”

அது விட்டுக்கொடுக்கவில்லை. முதல் வளைவு வரை எல்லாருக்கும் முன்னால் ஓடியவர், இரண்டாவது வளைவில் நொண்டத் தொடங்கினார். பிறகு அப்படியே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சுண்டுவிரல் தோல் உரிந்து ரத்தம். எல்லாரும் ஓடி முடித்த பிறகு, ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே கோட்டைத் தாண்டினார். கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை பார்க்கும் பெரியண்ணன், “என்னப்பா, வீட்டுக்காரம்மாவை ஓடவிட்டு நீ வேடிக்கை பாக்கறியாமே?” என்று கேட்க, ஸ்டோர்ஸ் பிரிவே சிரித்தது.

அன்றிலிருந்து ராணி டீச்சர் ஓடுவதை நிறுத்திவிட்டார். யாராவது கேட்டால், “வயசாயிடுச்சுங்க” என்பார். முப்பத்திரண்டு வயது. கணவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஸ்தனிஸ்லாஸுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“ஒரு நாள் ஸ்கூல் பக்கம் போனேன்,” என்று ஸ்தனிஸ்லாஸ் என்னிடம் சொன்னார். “பிள்ளைங்க ஓடிக்கிட்டிருக்கு. இவ விசிலை வாயில வச்சுக்கிட்டு ஓரமா நிக்கறா. ஆகக்கூடி, நிக்கலைங்க. குதிகால் ரெண்டும் தரையை விட்டு எழும்பி எழும்பி இறங்குது. அவளுக்கே அது தெரியலை.”

அதற்குப் பிறகுதான் இந்தக் கடைப் படையெடுப்பு தொடங்கியது. யாருக்கு ஷூ என்று கேட்டால் மட்டும், “எங்க அக்கா பையனுக்கு” என்று சொல்லிவிடுவார். பெரியண்ணனின் சிரிப்பு இன்னும் காதில் இருந்தது.

அன்று கடையில் அந்தக் கான்வாஸ் ஷூப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்ட கடைக்காரர் ஜெகபர் அலி பாய் பொறுமை இழந்தார். ஆனால் மரியாதையை இழக்கவில்லை.

“சார், நீங்க தினம் வாங்க, சந்தோஷம். ஆனா குச்சியா ஓடப்போகுது? பையனைக் கூட்டிட்டு வாங்க. கால் இல்லாம ஷூ பாக்கறது, பொண்ணு இல்லாம நிக்காஹ் பேசற மாதிரி.”

அன்றிரவு சாப்பாட்டின்போது ஸ்தனிஸ்லாஸ் விஷயத்தை எடுத்தார். அடுத்த மாதம் பொன்மலை மைதானத்தில் ஆசிரியைகளுக்கு மறுபடியும் போட்டி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நடுச்சுவர் மெல்லியது, எனக்குக் கேட்டது.

“பத்து ஆம்பளைங்க முன்னாடி காலை நீட்டிக்கிட்டு உக்காரச் சொல்றீங்களா?”

“நான் கூட நிக்கறேன் ராணி.”

“போன தடவையும்தான் நின்னீங்க.”

பாத்திரம் அலம்பும் சத்தம். பிறகு டீச்சரின் குரல்: “போறதுன்னா சாயங்காலமா போகணும். நாள் பூரா நின்னா கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குச் சரியா இருந்தாத்தான் ஓடறப்பவும் சரியா இருக்கும்.”

சனிக்கிழமை சாயங்காலம் மூவருமாகப் போனோம். எனக்கும் ஒரு செருப்பு வேண்டியிருந்தது என்பது பாதி உண்மை. ஜெகபர் அலி பாய் டீச்சரைப் பார்த்தார், பின்னால் பார்த்தார்.

“அக்கா பையன் வரலையா சார்?”

ஸ்தனிஸ்லாஸ் மனைவியைக் கை காட்டினார். “அக்கா பையன்னு ஒருத்தரும் இல்லை பாய். என் சம்சாரத்துக்குத்தான். ஓடறதுக்கு.”

பாய் எழுந்தார். கடை ஆட்களை டீ குடிக்க அனுப்பினார். நாற்காலியை வீதிக்கு முதுகு காட்டும்படி திருப்பிப் போட்டார். “உக்காருங்கம்மா” என்று பெட்டிகளைப் பக்கத்தில் அடுக்கிவிட்டு, தாம் கல்லாப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ராணி டீச்சர் கையோடு சாக்ஸ் கொண்டுவந்திருந்தார். முதல் ஜோடியில் விரல்கள் நெருங்கின. நாடாவைக்கூடக் கட்டாமல் கழற்றிவிட்டார். இரண்டாவதைக் கட்டி, எழுந்து நின்று, விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தார். கடைக்குள் நடந்தார். கடை நாலு எட்டில் முடிந்துவிட்டது.

“நடக்கறதுக்குச் சரியா இருக்கு. ஓடினாத்தான் தெரியும்.”

மூவரும் வீதியைப் பார்த்தோம். சனிக்கிழமைக் கூட்டம். கைவண்டிகள், குதிரை வண்டிகள், முழம் போட்டுக்கொண்டிருந்த பூக்காரிகள். எதிரே வெற்றிலை பாக்குக் கடையில் ஓர் ஆள் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பெரியண்ணன். ஸ்தனிஸ்லாஸும் அவரைப் பார்த்துவிட்டார்.

“பரவாயில்லைங்க, இதையே வாங்கிட்டுப் போயிடலாம்” என்றார் டீச்சர்.

ஸ்தனிஸ்லாஸ் படியிறங்கினார். வீதி நடுவில் போய் நின்று, வருகிற கைவண்டிக்கு நேராகக் கையைத் தூக்கினார். ரயில்வே கேட்டை மூடியது போல வண்டி நின்றது.

“கொஞ்சம் ஓரமா நில்லுங்க!” அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதேயில்லை. “என் சம்சாரம் ஓடிப் பாக்கணும். ஷூ சரியா இருக்கான்னு பாக்கணும். ஒரு நிமிஷம், வழி விடுங்க!”

வீதி வாயடைத்து வழி விட்டது. ராணி டீச்சர் முந்தானையை இடுப்பில் செருகினார், ஓடினார். மூலைக் கடை வரை போய்த் திரும்பி வந்து, “குதிகால் வழுக்குது” என்று உள்ளே போனார். அடுத்த ஜோடியோடு மறுபடியும் ஓட்டம். இந்தத் தடவை பூக்காரி ஒருத்தி, “ஓடு தாயி!” என்று குரல் கொடுத்தாள். கைவண்டிக்காரர் வண்டியைக் கீழே இறக்கிவைத்துவிட்டு ரசித்தார். பெரியண்ணன் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நின்றார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்த டீச்சரின் முகத்தில், எங்கள் தெருவில் யாரும் ஒரு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு.

“ஏங்க, காலில போட்டிருக்கறதே தெரியலைங்க.”

ஸ்தனிஸ்லாஸ் தலையை மட்டும் ஆட்டினார். ‘ஆகக்கூடி’ கூட வரவில்லை.

மறுநாளிலிருந்தே டீச்சர் மைதானத்தில் ஓடத் தொடங்கினார். பழகாத ஷூவோடு போட்டிக்குப் போகக் கூடாது என்று முதலில் ஒரு சுற்று, பிறகு இரண்டு, பிறகு கணக்கில்லை.

பொன்மலை மைதானத்தில் போட்டியன்று ஒர்க்‌ஷாப் ஆட்கள் பாதிப் பேர் வேலிக் கயிற்றோரம் நின்றார்கள். லால்குடியிலிருந்து வந்திருந்த ஓர் இளம் டீச்சர் காற்றாகப் பறந்தார். ராணி டீச்சர் அவரைக் கடைசி வளைவு வரை விடாமல் துரத்தி, இரண்டாவதாக வந்தார். கோட்டைத் தாண்டியும் நிற்காமல், கொஞ்ச தூரம் சும்மாவே ஓடினார். பிறகு புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பாதங்களைக் காற்றில் நீட்டினார்.

“தாகமா இருக்குங்க.”

சோடாக் கடை மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. போகும் வழியெல்லாம் ஒர்க்‌ஷாப் ஆட்கள். ஸ்தனிஸ்லாஸ் அன்று சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். குனிந்து மனைவியின் ஷூக்களை எடுத்தார். நாடாக்கள் இரண்டையும் சேர்த்து முடிந்து, மாலை போலக் கழுத்தில் போட்டுக்கொண்டு, செம்மண் சட்டையெல்லாம் அப்ப, ஒர்க்‌ஷாப் ஆட்கள் நடுவே சோடா வாங்க நடந்தார்.