அவர்கள் வீட்டு முறை

எங்கள் சபையில் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபம் நடக்கும். வாரம் ஒரு வீடு. முறை வந்த வீட்டுக்காரர்கள்தான் என்ன பாட்டு என்று சொல்வார்கள், ஜெபம் முடிந்ததும் டீயும் ஏதாவது பலகாரமும் கொடுப்பார்கள். யார் வீட்டு வடை கல்லாக இருந்தது, யார் வீட்டுக் கேசரியில் முந்திரியைத் தேட வேண்டியிருந்தது என்று திரும்பி வரும் வழியெல்லாம் பேசிக்கொள்வோம். விசுவாசிகளுக்கும் நாக்கு உண்டல்லவா.

தேயிலை விலை விழுந்த வருஷங்களில் எந்த வாரம் எந்த வீடு என்று முடிவு செய்வது என் பொறுப்பு. என் கணவருக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, மாசம் பிறந்தால் சம்பளம். எங்களுக்குக் கீழே சரிவில் துண்டுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துக்கு அப்படியில்லை. பறித்த பச்சை இலையை வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வருவார்கள். பால் வாங்குவதையும் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. கஷ்டப்படுகிற வீட்டுக்கு எதற்கு இன்னொரு செலவு என்று, அவர்கள் முறை வரும்போதெல்லாம் நானாகவே அடுத்த வீட்டுக்குத் தாண்டிவிட்டேன். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளுக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

துன்பத்திலும் சந்தோஷமாயிருக்க வேண்டும் என்று போதகர் பிரசங்கிக்கும்போது முதலில் ஆடுவது என் தலைதான். சம்பளம் வருகிற வீட்டிலிருந்து தலையாட்டுவது சுலபம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அந்த வீட்டுப் பெண் என் கையைப் பிடித்தாள். என்னைவிடச் சின்னவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போகப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொல்லி அழப்போகிறாள் என்று ஆறுதல் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஏனுங்க்கா, எங்கூட்டு மொறைய மட்டும் ஏன் விட்டுட்டீங்க? நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டமுங்களா?"

உங்களுக்குச் செலவு வைக்க வேண்டாமே என்றுதான், என்று இழுத்தேன். அவள் வீட்டுக்காரர் கொஞ்ச நாளாகக் கோயிலுக்கு வராமல் இருந்தது அதனால்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. தோட்டம் நொடித்துப் போனதை அவர் தாங்கிக்கொண்டாராம். சபையும் தங்களை ஒதுக்கிவிட்டதென்று நினைத்து, வியாழக்கிழமை பக்கத்து வீடுகளில் பாட்டுச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வாராம். இந்த மனசோடு அவரைத் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது, போவதற்குள் ஒருதடவை தங்கள் வீட்டுக்கு வந்து பாடுங்கள் என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அந்த வியாழக்கிழமை போனோம். பாதிச் சாமான் மூட்டையாகிவிட்டது. மூட்டைகள் மேலேயே உட்கார்ந்தோம். அவர் கதவோரமாக, டிரங்குப் பெட்டியின் மேல், யாரையும் பார்க்காமல் இருந்தார். நான் சும்மா போனேனா, ஒரு தூக்குவாளி நிறையப் பால் கொண்டுபோனேன். அவள் அதை வாங்கி மூலையில் மூடி வைத்துவிட்டாள். விற்காத இலையைக் கையாலேயே கசக்கி, வாணலியில் வறுத்துக் காயவைத்த தூளில் கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி மாதிரி ஒரு டீ கொதித்துக்கொண்டிருந்தது.

என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். அவர்கள் படும் பாட்டை ஒவ்வொன்றாகக் கர்த்தருக்கு எடுத்துச் சொல்லித் தேம்ப ஆரம்பித்தேன். அவள் என் முழங்கையைத் தொட்டாள்.

"அழுவாதீங்க்கா. இன்னிக்கி எங்கூட்டு மொறைங்க."

பிறகு ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் குதித்துக் குதித்துப் பாடும் பாட்டை அவளே கைதட்டி ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில், உட்கார்ந்திருந்த பெட்டியிலேயே அவர் தாளம் போட்டார். உள்ளேயிருந்த பாத்திரமெல்லாம் சேர்ந்து கடகடத்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஊரை விட்டுப் போவது மாறவில்லை, திருப்பூர் திருப்பூர்தான். ஆனாலும் அந்த மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து பாடினார். சந்தோஷம் ஒரு ஆளைத் தூக்கி நிறுத்துவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அவர்களுக்கு எது வேண்டாம் என்று நான் நினைத்தேனோ, அதுதான் அவர்களுக்கு மிச்சமிருந்த பலம்.

அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறினார்கள். ஏறும் முன் அவர் என்னிடம் வந்து கைகூப்பினார்.

"எங்கூட்டுக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க."

மாசக்கணக்காக அவர்களிடமிருந்து பிடுங்கி வைத்திருந்ததைக் கடைசியில் ஒரே ஒரு சாயங்காலம் திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பாவி நான், "பரவாயில்லீங்க" என்றேன்.