அண்ணன் பேரில் ஒரு போர்டு

முடிச்சூர் ரோட்டில் குப்பனுக்குக் காயலான் கடை. பேரும் தொழிலும் இப்படி ஒட்டிக்கொண்ட இன்னொரு ஆளைத் தாம்பரம் பக்கம் காட்டிவிட முடியாது. கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாய்ப் பழைய பேப்பர் வாங்கத் தொடங்கியவன், இன்றைக்குச் சொந்த லாரி, மாடி வீடு என்று இருக்கிறான். எவன் கையையும் பிடித்து மேலே வந்ததில்லை. பெரிய படிப்புப் படித்தவனெல்லாம் வாசலில் நின்று "அண்ணா" என்கிறான்.

அந்தப் பேரும் சும்மா வந்ததில்லை. இவனுக்கு முன்னால் பிறந்த அழகேசன், நடை பழகும் வயசிலேயே போய்விட்டான். இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று, பிறந்த கையோடு இவனைக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக் கங்கையம்மாள் எடுத்துக்கொள்ள, ஒரு படி தவிடு கொடுத்து அம்மா திரும்ப வாங்கினாள். வேண்டாத பிள்ளை என்று எமனை நம்பவைக்கத்தான் குப்பன்.

மகள் சுந்தரவல்லிக்குச் சிறுசேரியில் வேலை. நிச்சயதார்த்தம் நெருங்கியபோது சொன்னாள்: "பத்திரிகைல குப்பன்னு போட வேணாம்ப்பா. அவங்க ஆளுங்க சிரிப்பாங்க."

சுருக்கென்றது. ஆனால் ஒரே பொண்ணு. புதுப்பேருக்கு எங்கே போவது? அடுத்தவன் கழித்துப்போட்டதைத் துடைத்து விற்றே வாழ்ந்தவனுக்கு வேறு யோசனை வருமா? அதிகம் புழங்காத பேர் ஒன்று வீட்டிலேயே கிடந்தது.

பக்கத்துக் கடை சௌகத் அலி பாய் தகர போர்டு எழுதிக் கொடுத்தார்: 'அழகேசன் டிரேடர்ஸ்'.

"நல்லாத்தான் கீது குப்பா. செத்தவன் பேரை இன்னாத்துக்கு எடுத்தே?"

"சும்மாதானே கெடந்துச்சு பாய்."

போர்டு மாட்டிய மறுநாள் மத்தியானம், பழைய பேப்பரை எடைக்குப் போட வந்த ஒருத்தர் "அழகேசன் சார்" என்று கூப்பிட்டார். குப்பன் வாயைத் திறக்குமுன், பழைய சைக்கிள் குவியலுக்குப் பின்னாலிருந்து "ஊம்" என்றது ஒரு பிள்ளைக் குரல். போய்ப் பார்த்தான். யாருமில்லை. வந்தவர் காதில் அது விழவே இல்லை.

அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும் அதேதான். வரவரக் குரல் கிட்டே வந்தது, தராசுப் பக்கம், பிறகு நாற்காலிக்கு அடியில். பெண்டாட்டி செல்லம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. எதற்கும் பயப்படாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் எந்த வாயால் சொல்வான்?

திருநீர்மலை மண்டபத்தில் நிச்சயதார்த்தம். ஐயர் லக்னப் பத்திரிகையை வாசித்தார். "அழகேசன் அவர்களின் குமாரத்தி..."

"ஊம்."

காலடியில் கேட்டது. சின்னக் கை ஒன்று வேட்டியைப் பிடித்திருந்தது. எதிரே மாப்பிள்ளையின் அப்பா தாம்பூலத் தட்டை நீட்டினார். அந்தப் பேரில் இதை வாங்கிவிட்டால், பொண்ணு யார் பொண்ணாகப் போவாள்? குப்பன் தட்டுக்குக் கையை நீட்டவில்லை.

"நிறுத்துங்க ஐயரே. என் பேரு குப்பன். காயலான் கடை குப்பன். நீங்க படிச்சது எங்க அண்ணன் பேரு. மாத்திப் படிங்க."

சுந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா தட்டை இன்னும் கிட்டே நீட்டினார்.

"பேர் எதுவா இருந்தா என்ன சம்பந்தி, தட்டைப் பிடிங்க. கை வலிக்குது."

ஐயர் திருத்தி வாசித்தார். வேட்டியிலிருந்த பிடி மெதுவாய்த் தளர்ந்தது.

கல்யாணப் பத்திரிகையில் குப்பன் என்றே அச்சாயிற்று. சுந்தரவல்லி சில நாள் அப்பாவிடம் பேசவில்லை. போர்டைக் கழற்றி எடைக்குப் போடப்போன வேலையாளைக் குப்பன் தடுத்து, தகரத்தைச் சைக்கிள் குவியல்மேல் சாய்த்து வைத்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. போன வாரம் வந்தவர் ஒருத்தர் அதைப் படித்துவிட்டு, "அழகேசன் யாருங்க?" என்றார்.

"ஊம்" என்றது குவியல்.

"எங்க அண்ணன்" என்றான் குப்பன். "உள்ளதான் கீறாரு."