நகராத காரில் ஆபீஸ் போகிறவர்

சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் மாட்டி, முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டு, "வரேம்மா" என்று தாயாரிடம் சொல்லிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறார் இன்ஷூரன்ஸ்காரர். கீழே தன் காரில் ஏறி, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்து உட்கார்ந்துகொள்கிறார். வண்டி நகராது. தொற்றுக்குப் பயந்து ஊரே கதவடைத்துக் கிடக்கையில் எங்கே போவது? வழக்கமான பயண நேரம் கழிந்ததும் இறங்கி, மாடி ஏறி, படுக்கையறை மூலையில் கணினிமுன் அமர்ந்து வேலையைத் தொடங்குவார். ஒருநாள் தாமதமானபோது மேலதிகாரியிடம், "டிராஃபிக் சார்" என்று சொல்லியும் இருக்கிறார்.

"மனுஷன்னா ஒரு ஒழுங்கு வேணும்" என்பார். ஒழுங்காவது ஒன்றாவது. உள்ளே பூட்டிக்கொண்டு ஒருவர் தனியாக உட்கார, குளியலறையை விட்டால் அந்தக் குடும்பத்துக்கு இருப்பது கார் ஒன்றுதான். மீதி இடத்தில் தாயார், தொலைக்காட்சி, இரண்டு பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. அடுப்படியில் ஒரு கண்ணைப் பாலில் வைத்துக்கொண்டு ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் டீச்சர், இவருடைய மனைவி. சாயங்காலம் இவர் மறுபடி காரில் இருந்துவிட்டு 'வீடு திரும்பி', "அப்பாடா, என்ன அலைச்சல்" என்று நாற்காலியில் சாய்வார். அவள்தான் தேநீர் கொண்டுவந்து வைப்பாள்.

அவள் பல வாரம் முயன்று மனநல ஆலோசகர் ஒருவரிடம் நேரம் வாங்கினாள். ஊரில் பாதிப்பேர் அதே வரிசையில் நின்றதால், தவறவிட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது. போனில்தான் பேச்சு. "தனி அறையில், பிறர் காதில் விழாதபடி அமர்ந்து பேசவும்" என்று குறுஞ்செய்தி வேறு. அந்தத் தனி அறையை யார் கட்டிக்கொடுப்பார்கள் என்று அதில் போடவில்லை.

"நாளைக்குக் காலையில கார் சாவி வேணும். ஆலோசகர்கிட்ட பேசணும்" என்றாள்.

"வீட்லயே பேசேன். நமக்குள்ள என்ன ரகசியம்?"

"உங்களைப் பத்திதான் பேசணும்."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்ப நான் எப்படி ஆபீஸ் போறது?"

மறுநாள் அவள் சாவியை எடுத்துக்கொண்டு முன்னாலேயே இறங்கிவிட்டாள். பையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று பின்னால் வந்தவர், கார்க் கண்ணாடியைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே, கழற்றிய முகக்கவசத்தால் கண்ணைத் துடைத்தபடி அவள் பேசிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதத்தில் அவள் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசி அவர் பார்த்ததில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் கோதிக்கொண்டு, பக்கத்துத் தூணருகே போய் நின்றார்.

குப்பை கொட்ட வந்த மேல்வீட்டுக்காரர் காரையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன சார், இன்னைக்கு ஆபீஸ் போகலியா?"

"பஸ்ஸுக்கு நிக்கிறேன்."

மேல்வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக் காருக்குள் எட்டிப் பார்க்கப் போனார். இன்ஷூரன்ஸ்காரர் இரண்டடி நகர்ந்து, கண்ணாடியை முதுகால் மறைத்துக்கொண்டு, பஸ் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார்.