சத்தம் வந்தால் அவுட்

என் மனைவியின் தம்பி பொது நூலகத்தில் உதவியாளன். கேட்கிற புத்தகத்தை எடுத்துக் கொடுப்பான், திரும்பி வந்ததை அடுக்குவான், யாராவது வாயைத் திறந்தால் உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்பான். இந்த மூன்றாவது வேலையில்தான் அவனுக்கு நல்ல பேர்.

நான் கிரில், கேட் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. நாள் முழுக்க இரும்பு அடிபடுகிற சத்தத்தில் நிற்கிறவன். அவனோ நாள் முழுக்க ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறவன். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போடுகிறவள் பாடுதான் திண்டாட்டம். நான் பேசினால் "ஏன் இப்படிக் கத்துறீங்க, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குச் சொல்றீங்களா?" என்பாள். அவன் பேசினால் "வாயில என்ன பசையா? சத்தமாச் சொல்லுடா" என்பாள்.

எங்கள் வீட்டு மாடி அறையில்தான் அவன் இருக்கிறான். நாற்பதை எட்டப் போகிறது, கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் "ஆகும்போது ஆகட்டும் மாமா" என்று புத்தகத்தைத் திருப்புவான். நல்ல பையன். ஆனால் நல்ல பையன்களுக்கு நேர்கிற கதிதான் அவனுக்கும். இத்தனை வருடத்தில் 'இது உன் பொறுப்பு' என்று சொல்லி யாரும் அவனிடம் ஒரு பென்சிலைக்கூட ஒப்படைத்ததில்லை.

போன கோடையில் ஒப்படைத்தார்கள். லீவு நாளில் வயசுப் பிள்ளைகள் வெயிலில் சுற்றிக் கெட்டுப்போகிறார்கள், நூலகத்தில் அவர்களுக்குப் பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்துங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. பதிமூன்று முதல் பதினேழு வயது வரை. அந்த வயதுப் பிள்ளைகளை மேய்ப்பதென்றால் சும்மாவா? ஒருவருக்கு உடனே முட்டி வலி வந்துவிட்டது. இன்னொருவருக்கு மாமியார் சீரியஸ். மிச்சமிருந்தது இவன்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"அக்கா, எனக்கு ஒரு ஹால் குடுத்திருக்காங்க."

"ஹாலா? எதுக்குடா? பொண்ணு பாத்துட்டாங்களா?"

"இல்லக்கா, பசங்களுக்கு நிகழ்ச்சி நடத்த. கோடை முடியற வரைக்கும் அந்த ஹால் என் பொறுப்பு."

தலைமை நூலகரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மேடம் ஒரு வார்த்தையும் கூடவே சொல்லியிருந்தார். பிள்ளைகள் வந்தால் ஹால் அவனுக்கு. வராவிட்டால் பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிவிடுவார், அடுத்த வருடமும் திறக்க மாட்டார். இதையும் சொல்லிவிட்டு, பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போனான். விடிய விடிய விளக்கு எரிந்தது.

அவன் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். திங்கள் புத்தக அறிமுகம், செவ்வாய் ஓவியம், புதன் சதுரங்கம். வந்தது விரல் விட்டு எண்ணுகிற கூட்டம். அதிலும் பாதி ஃபேன் காற்றுக்காக வந்தது. ஒருவன் நேராக வந்து "அண்ணா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்றான். ஒருவன் கலைக்களஞ்சியத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினான். ஒரு அம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்துவிட்டு வாசலிலேயே காவல் நின்றாள்.

"பாட்டைப் போட்டு ஆட விடு மச்சான், தன்னால வருவானுங்க" என்றேன்.

"அது முடியாது மாமா. பக்கத்து ரூமு வாசிப்பு அறை. நடுவுல பிளைவுட் தடுப்புதான், அதுவும் மேல வரைக்கும் இல்ல. அந்தப் பக்கம் கவர்மெண்ட் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவங்க உக்காந்திருக்காங்க. இந்த வருஷம் விட்டா வயசு தாண்டிடும். அவங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"



வந்த பிள்ளைகளில் ஒரு பெண் உண்டு. முகத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைப்பாள் என்பதால் கூட்டாளிகள் அவளுக்கு ரப்பர் என்று பேர் வைத்திருந்தார்கள். ஒரு நாள் மச்சான் சதுரங்க விதியை வாசித்துக்கொண்டிருக்க, ரப்பர் எதிரில் இருந்த குண்டுப் பையனைப் பார்த்துக் கீழுதட்டை மூக்கு வரைக்கும் ஏற்றினாள். பையன் சிரிப்பை அடக்கினான். காற்றடித்த டியூப் மாதிரி உப்பினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவன் வழக்கம்போல விரலை உதட்டுக்குக் கொண்டுபோனவன், பாதியில் நிறுத்திவிட்டான். வந்த நாளாக அந்த ஹாலில் யாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அவன் பார்த்ததில்லை.

சதுரங்கப் பலகையை மடித்து வைத்தான். இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாகப் போட்டான்.

"அவனைச் சிரிக்க வை பாப்போம். யார்கிட்டேர்ந்து சத்தம் வந்தாலும் அவங்க அவுட்."

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. ஒருவன் நாலு பேரை இழுத்து வந்தான், அந்த நாலு பேர் தெருவையே இழுத்து வந்தார்கள். மச்சானுக்கு 'உஷ் அண்ணா' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

இரும்புப் புத்தக அலமாரியின் கால் ஒன்று விட்டுப்போனதென்று ஒட்டிக் கொடுக்கப் போனேன். கதவைத் திறந்தால் சவுண்டு போன சினிமா மாதிரி இருந்தது. ஹால் நிறையப் பிள்ளைகள், ஒரு சத்தம் இல்லை. ஒருவன் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு குலுங்குகிறான். ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் ஜடையை வாயில் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஜெயித்தவனுக்குக் கை தட்டவில்லை, எல்லோரும் காற்றில் கையை ஆட்டுகிறார்கள். நாற்காலியில் ரப்பர், நான் இரும்பைத் தூக்கிக்கொண்டு நுழைந்த மாதிரியே முகத்தை வைத்துக்காட்டினாள். நான் வந்த வழியே வெளியே ஓடி, தெருவில் நின்று சிரித்து முடித்துவிட்டுத்தான் மறுபடி உள்ளே போனேன்.

வினை ரப்பர் ரூபத்திலேயே வந்தது. ஒரு நாள் அவள் மேடம் மாதிரி செய்துகாட்டினாள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுவது. முன்வரிசையே வெடித்துவிட்டது. அணை உடைந்த மாதிரி ஒரு சிரிப்பு பிளைவுட்டுக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் குதித்தது.

அந்தப் பக்கம் குமாஸ்தா ஐயா இருந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். நூலகம் திறக்கும்போது வந்து மூடும்போது போகிறவர். பேப்பரை ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் படிப்பார். அவர் எழுந்து நேராகப் போய் மேடத்தைக் கூட்டிவந்துவிட்டார். மேடம் வந்து நின்ற கோலத்தைக் கேட்டீர்களானால், கண்ணாடி தலைமேல். அதுவரை அடக்கிக்கொண்டிருந்த பின்வரிசையும் காலி.

"நாளையிலேர்ந்து சைக்கிள் ஷெட்டுல வெச்சுக்கோங்க" என்றார் மேடம். "பசங்க வர்ற வரைக்கும் நடக்கட்டும். கூட்டம் குறைஞ்சா நிறுத்திடலாம்."

சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ஷெட்டின் ஓட்டைக்கு என் பட்டறைத் தகரத்தைக் கொண்டுபோய் அடித்தேன். ஒரு பழைய ஃபேனை மாட்டினேன். "எல்லாம் ஜோரா இருக்கு, இனிமே காது கிழியக் கத்துங்கடா" என்று பிள்ளைகளிடம் சொன்னேன்.

கத்தலாம் என்றதும் யாருக்கும் கத்தத் தோன்றவில்லை. ரப்பர் உதட்டை மூக்கு வரைக்கும் ஏற்றினாள், கண்ணை இரண்டு திசைக்கு அனுப்பினாள். எதிரில் இருந்தவன் பார்த்தான், கொட்டாவி விட்டான். அடுத்த நாள் பாதிப் பேர் இல்லை. அதற்கடுத்த நாள் அதிலும் பாதி.

"ஏம்மா, இங்க என்ன கொறை உங்களுக்கு?" என்று இவன் ரப்பரிடம் கேட்டான்.

"இங்க சிரிச்சா யாருண்ணா கேக்கப் போறா?"

"யாரும் கேக்க மாட்டாங்க. நல்லதுதானே?"

"அதாண்ணா போர் அடிக்குது."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னவன், தட்டைத் தள்ளி வைத்துவிட்டான். அவன் அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

"எழுந்திரு மச்சான்" என்றேன். "அந்த குமாஸ்தாவை நாளைக்குப் பாத்துப் பேசிடுவோம்."

"சண்டை போட்டுடாதீங்க" என்றாள் அவள்.

"நான் என்னைக்குடி சண்டை போட்டிருக்கேன்?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் நூலகப் படிக்கட்டில் ஐயாவைப் பிடித்தோம். வெயில் தாழ்ந்திருந்தும் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, வணக்கம். நான் இவன் அக்கா புருஷன்."

"பட்டறையா?"

"எப்படித் தெரியும்?"

"வணக்கமே தெருக்கோடி வரைக்கும் கேக்குதே."

எனக்குச் சுருக்கென்றது. "குழந்தைங்க ஒரு நாள் சிரிச்சதுக்கா இப்படி வெளிய தள்ளுவாங்க? உங்களுக்கு அப்படி என்ன காது?"

"தள்ளினது நானா? அங்க ஒரு பொண்ணு படிக்குதே, பாத்திருக்கீங்களா? நீலப் பை. கடைசித் தடவை பரீட்சை எழுதப்போறா. அன்னைக்குச் சத்தத்துல எழுதிட்டிருந்த கணக்கை அடிச்சுட்டு மறுபடி முதல்லேர்ந்து போட்டா. அவ வாய் திறந்து கேக்க மாட்டா. அதான் நான் போய்க் கேட்டேன்."

நான் இவனைப் பார்த்தேன். இவன் தலை குனிந்து நின்றான்.

"தப்புதான் ஐயா" என்றான். "ஆனா தினமும் நாங்க சத்தம் போடலையே. அந்த ஒரு நாள்தான்."

"ஒரு நாளா? என்கிட்டயே சொல்றியா?" ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செவ்வாய்க்கிழமை ஒருத்தன் தும்முற மாதிரி சிரிச்சான். வெள்ளிக்கிழமை ஒருத்தி மூக்கால சிரிச்சா. உனக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுது. அந்த ரூம்ல பேனா மூடுற சத்தம்கூட எனக்குக் கேக்கும். ஆயுசு முழுக்கக் கோர்ட்டுல உக்காந்து கேட்ட காது தம்பி இது. ஜட்ஜு தூங்கினாக்கூட நான் தூங்கினதில்ல."

நான் பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவன் என் கையை அழுத்தினான். அவன் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"அந்தக் காதுதான் ஐயா எங்களுக்கு வேணும்."

"என்னது?"

"செவ்வாய்க்கிழமை தும்மினவன் அவுட் ஆகியிருக்கணும். வெள்ளிக்கிழமை அந்தப் பொண்ணும். எனக்குக் கேக்காம விட்டுட்டேன். நியாயம் தப்பிப்போச்சு. நீங்க வந்து நடுவரா உக்காந்தா, எல்லாரும் மூச்சு விடவே பயப்படுவாங்க. அந்தப் பக்கமும் தொந்தரவு இல்ல."

ஐயா குடையை மடக்கினார். மறுபடி விரித்தார்.

"தீர்ப்பு நான்தான் சொல்லணுமா?"

"நீங்க மட்டும்தான்."

"அப்பீல் உண்டா?"

"கிடையாதுங்க."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலையில் மேடத்தின் அறைக்கு அவரே போயிருக்கிறார். புகார் கொடுக்கிற ஆளே உள்ளே உட்காருகிறேன் என்று சொன்னால் மேடம் என்ன செய்வார்? ஹால் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். "இன்னைக்குப் பாப்போம். பசங்க வரலைன்னா சாயங்காலம் நாற்காலி உள்ள போகுது" என்றும் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் பட்டறையைப் பையன்களிடம் விட்டுவிட்டு நான் போனேன். சும்மா பார்க்கத்தான். ஹாலில் ஐயா பேப்பரை விரித்து முகத்தை மறைத்தபடி உட்கார்ந்திருந்தார். மச்சான் துடைத்த நாற்காலியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ஒருவரும் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்தால் கழுத்தைத் திருப்புவான், அது போய்விடும்.

கதவு கொஞ்சமாகத் திறந்தது. ரப்பரின் தலை மட்டும் உள்ளே வந்தது. ஐயாவைப் பார்த்தது. கண் இரண்டும் கோலிக்குண்டு அளவுக்கு ஆனது. தலை மறைந்தது. தடதடவென்று ஓடுகிற சத்தம்.

மச்சான் துணியைக் கீழே போட்டுவிட்டான். "பயந்துட்டா மாமா" என்றான்.

நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு சலசலப்பு. பிறகு அதுவும் அடங்கியது. கதவு திறந்தது. ரப்பர் முன்னால், அவள் பின்னால் குண்டுப் பையன், அவன் பின்னால் ஒரு பட்டாளம். ஷெட்டை விட்டுப் போனவர்கள், நான் முன்னே பின்னே பார்த்திராதவர்கள், எல்லோரும் திருடர்கள் மாதிரி நுனிக்காலில் வந்தார்கள். ரப்பர் ஐயாவைச் சுட்டிக்காட்டி, மச்சானைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். 'இவரா?' என்று அர்த்தம். இவன் தலையை ஆட்டினான். பட்டாளம் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அதைவிடப் பெரிய சந்தோஷத்தை லாட்டரி அடித்தவன் முகத்தில்கூடப் பார்க்க முடியாது.

ஆட்டம் தொடங்கியது. குண்டுப் பையன் தொண்டையில் 'க்' என்று ஒன்று மாட்டியது. என் காதில் விழவில்லை. அவன் பக்கத்தில் இருந்தவனுக்கே விழவில்லை. பேப்பர் கீழே இறங்காமலேயே, ஓரத்தில் ஒரு விரல் மட்டும் வெளியே வந்து கதவைக் காட்டியது. பையன் கையை விரித்தான், வானத்தைக் காட்டினான், தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். எல்லாம் சத்தமில்லாமல். பேப்பரில் ஒரு பக்கம் திரும்பியது. ஹால் மொத்தமும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து குலுங்கியது, ஒரு சத்தம் வரவில்லை.

அப்புறம் வரிசையாகப் போனார்கள். கடைசியில் எதிராளி யாரும் மிஞ்சாமல் ரப்பர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு நடுவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். மச்சான் வேண்டாம் என்று கையை ஆட்டினான். அவள் கேட்கவில்லை. குடையை விரிப்பது, மடக்குவது, வெயில் இருக்கிறதா என்று ஒரு கண்ணால் பார்ப்பது, எல்லாம் செய்தாள். பேப்பர் ஓரம் கொஞ்சம் சரிந்தது. நிமிர்ந்தது. பிறகு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. மடிப்பெல்லாம் கலைந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. விதிப்படி அவுட் இல்லை.

நேரம் முடிந்து பிள்ளைகள் போன பின்னால் ஐயா பேப்பரைத் தட்டி ஒழுங்குபடுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். குரலை மட்டும் கறாராக வைத்துக்கொண்டார்.

"தம்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு?"

"இதே மூணு மணிக்குத்தான் ஐயா."

"கொஞ்சம் முன்னாடியே கதவைத் திற. நடுவர் வெளிய காத்து நிக்கக் கூடாது."