அடுத்தது வராத பதிவு

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலேகாலுக்குத் தகவல் வந்தது. பேசியவர் மூலை சார் குடியிருந்த வீட்டின் உரிமையாளர். "அவர் போன்ல உங்க நம்பர்தான் மேல இருந்துச்சும்மா. வேற யாருக்குச் சொல்றதுன்னு தெரியல." தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

மருந்துக் கிடங்கின் கணினி அறையில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. மூலையில் உட்காருவதால் மூலை சார். தனிக்கட்டை. சாப்பிடும்போதும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "வீட்ல செவுத்தோட பேசணும். இதாவது திருப்பிப் பேசுது" என்பார்.

போன மாதம் ஒரு குளிர் அறை இரவில் நின்றுபோய் மருந்தெல்லாம் வீணானது. எச்சரிக்கை மணி அடித்தும் கவனிக்கவில்லை என்று காவலுக்கு இருந்த அக்காவை இடைநீக்கம் செய்தார்கள். மணியைக் கேட்டு, கவனித்ததற்கான பொத்தானை அழுத்தியதாக அந்த அக்கா அழுதார்.

குளிர் அறையில் நடப்பதெல்லாம் தானாகப் பதிவாகும் லாக் கோப்பில் ஓர் எச்சரிக்கை ஒரே வரியில் இருக்காது. நேரத்தோடு முதல் வரி. அதன்கீழ் வெப்பநிலை, கதவு, பொத்தானை அழுத்தியவர் எண். சும்மா தேடினால் முதல் வரி மட்டுமே சிக்கும். மூலை சார் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல், எழுதினார். அடுத்த நேர வரி வரும்வரை எல்லா வரிகளையும் சேர்த்துவைத்து, வந்ததும் ஒரே பதிவாக வெளியே விடும். அப்படி வெளியே வந்த பதிவு எதிலும் அக்காவின் எண் இல்லை.

"அவ்வளவுதானே?" என்றார் மேலாளர்.

"அந்தம்மா பொய் சொல்ற மாதிரி தெரியல சார்" என்றார் மூலை சார்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது கோப்பைக் கண்ணாலேயே படித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அடுத்த ஆள் வந்தாத்தான் முன்னால நிக்கிறவனை வெளிய விடுறேன். கடைசி ஆளுக்குப் பின்னால யாரு வருவா?"

"யாரும் வரமாட்டாங்க சார்."

"அதான் அவன் உள்ளயே நிக்கிறான். இத்தனை வருஷம் குப்பை கொட்டி என்ன பிரயோஜனம், பாரு."

அறை நின்றதும் கோப்பும் முடிந்திருந்தது. கடைசிப் பதிவில் அக்காவின் எண் இருந்தது.

திங்கட்கிழமை அக்கா வேலைக்குத் திரும்பினார். நேராக மூலைக்குப் போனார். "சார் லீவா?" நான் சொன்னேன். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

அக்கா போனபிறகு மூலை சாரின் கணினியைத் திறந்தேன். மேலாளருக்காக அந்த ஒரு பதிவை மட்டும் கையால் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஸ்கிரிப்டில் கடைசிப் பதிவை வெளியே விடும் வரி இன்னும் எழுதப்படவில்லை.